மிஸ்ஸியைக் கேளுங்கள்: பேரன் வருகிறான், வீடு தயாரா?

பள்ளி விடுமுறை நெருங்குகிறது என்றால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் இருக்கும். மகன் ஷா ஆலமில், மகள் கோலாலம்பூரில், தாத்தா பாட்டி மட்டும் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில். இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத்து கிளினிக்கில் 31 வருடம் தாதியாக இருந்தவள். பழைய ஆட்களுக்கு பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் புரியும். டாக்டர் இல்லை, மிஸ்ஸிதான்.

ஈஜோக்கிலிருந்து ஒரு பாட்டி:
மகள் 14 மாதப் பேரனோடு வந்து மூன்று வாரம் தங்கப் போகிறாள். அலமாரிப் பூட்டு, மேசை முனைக்கு ரப்பர், கதவுத் தடுப்பு என்று 120 வெள்ளிக்கு ஒரு பெட்டி முன்னாலேயே வந்து இறங்கிவிட்டது. நான் லயத்து வீட்டில் ஐந்து பிள்ளை வளர்த்தவள். இதெல்லாம் அப்போது எங்கே இருந்தது? எது உண்மையிலேயே தேவை, சொல்லுங்கள். பின்னால் கொட்டகையில் அவர் புல்லு மருந்தும் உரமும் வைத்திருக்கிறார், அங்கே பையன் போகமாட்டான்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள் அக்கா. ஹாலில் தரையில் உட்காருங்கள், முடிந்தால் நாலு அடி தவழுங்கள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். என் பேத்தி வருவதற்கு முன்னால் நானும் செய்தேன். இருபது வருடமாகப் பெருக்கித் துடைக்கும் வீடு, கீழேயிருந்து பார்த்தால் வேறு வீடாக இருந்தது. டிவி மேசைக்குப் பின்னால் ஒரு வயர்ப் புதர். சோபாவுக்கு அடியில் ஒரு பத்துக் காசும், என் வீட்டுக்காரரின் பிரஷர் மாத்திரை ஒன்றும். என்றைக்கு உருண்டதோ! சாமி மேடைமேல் விரித்த துணியின் நுனி சரியாக என் மூக்குக்கு நேராகத் தொங்கியது. மேலே வெண்கலக் குத்துவிளக்கு. நடக்கப் பழகும் பிள்ளை எதைப் பிடித்து எழுந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து பிள்ளை வளர்த்தது உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போதே பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டீர்கள், ரப்பர் பால் வெட்டி எடை போட்டுவிட்டு வந்துதான் தூக்கினீர்கள். வீடும் பிள்ளையும் பகலெல்லாம் தனியாகச் சந்தித்துக்கொள்ளவே இல்லை. ஆயாக் கொட்டகையில் என்ன இருந்தது? நாலு தொட்டில், ஒரு பாய், பால் கலக்கும் மேசை, ஒரு பிரம்பு.

சரி, பெட்டிக்கு வருவோம். சமையலறை வாசலுக்குத் தடுப்பு போடுங்கள், அது காசுக்குத் தகும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் அலமாரிக்கு ஒரு பூட்டு. மாத்திரை டப்பாவும் பாராங் கத்தியும் கழுத்து உயரத்துக்கு மேலே. மேசை முனை ரப்பரை இரண்டாம் நாள் பேரனே கடித்துப் பிய்த்துவிடுவான், அதை ஒட்டவே வேண்டாம்.

120 வெள்ளிப் பெட்டி தொடாத இடம் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. போகமாட்டான் என்கிறீர்கள். போவான்.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கிளினிக்குக்கு ஓடி வந்தார். வீட்டுக்குப் பின்னால் புல் அடிக்க, மருந்தடிப்பில் மிஞ்சியதைக் கொஞ்சம் ஆரஞ்சுத் தண்ணீர் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார். எப்போதும் கூரை விட்டத்தில்தான் சொருகி வைப்பாராம், அன்றைக்கு மட்டும் அடிக்கலாம் என்று இறக்கி, பம்பு எடுக்கத் திரும்பியிருக்கிறார். நீலப்பச்சையாக, நாற்றத்தோடு இருக்கும் மருந்து. பையன் போத்தலைத்தான் பார்த்தான். ஒரு வாய்தான் இருக்கும். ஆம்புலன்சில் நானும் போனேன். வாயெல்லாம் புண், ஆனால் மூன்றாம் நாள் உட்கார்ந்து பேசினான், பிஸ்கட் கேட்டான். தப்பித்துவிட்டான் என்று பாட்டி கோயிலில் தேங்காய் உடைத்தார். ஒன்பதாம் நாள் மூச்சு முட்டிப் போய்விட்டான். பாராகுவாட் என்ற அந்த மருந்து அப்படித்தான். முதலில் விட்டுவிட்ட மாதிரி இருக்கும், உள்ளே நுரையீரல் தழும்பேறிக்கொண்டிருக்கும். அதற்கு முறிவு மருந்து கிடையாது.

பாராகுவாட்டை 2002-ல் நிறுத்துவதாகச் சொன்னார்கள், 2006-ல் திரும்ப விட்டார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் முழுத் தடை. ஆனால் தடை வந்த அன்று கொட்டகைப் போத்தல்கள் எழுந்து நடந்து போய்விடவில்லை. உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். லேபிள் இல்லாத போத்தலில் இருப்பதை யாரும் முகர்ந்து பார்க்க வேண்டாம், கால்வாயிலும் ஊற்ற வேண்டாம். தனியாகப் பூட்டி வைத்துவிட்டு விவசாய இலாகாவில் கேளுங்கள். லேபிள் இருப்பது அதே போத்தலிலேயே இருக்கட்டும், கொட்டகைக்கு ஒரு பூட்டு. சொந்தமாக நாலு ரப்பர் மரம் வைத்துப் பால் உறைய வைக்கிறவர்கள் வீட்டில் ஆசிட் இருக்கும், அதற்கும் இதே கதைதான். மண்ணெண்ணெய், தரை கழுவும் பிளீச் எதுவாக இருந்தாலும் சரி, குடிக்கிற போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை மட்டும் இந்த மூன்று வாரத்தோடு விட்டுவிடுங்கள்.

அப்படியும் குடித்துவிட்டான் என்றால் தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் ஏறும்போதும் ஒருமுறை சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். புளித்தண்ணீர், முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம். வாயைத் துடைத்துவிட்டு, போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு, 999. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய விஷ மையம் இருக்கிறது. அலுவலக நேரத்தில் 1-800-88-8099-க்கு அழைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். எண்ணை ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

ரவாங்கிலிருந்து ஓர் இளம் தாய்:
போன வெள்ளிக்கிழமை என் இரண்டு வயது மகள் கற்பூர வில்லையைக் கடித்துவிட்டுத் துப்பினாள். ஒன்றும் ஆகவில்லை. "சாமிப் பொருள், பிள்ளையை ஒன்றும் செய்யாது" என்கிறார் மாமியார். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?

வீணான பயம் இல்லை கண்ணு. கசப்பும் காரமும் இவளைக் காப்பாற்றியது. ஒரு வாரம் ஆகிவிட்டதால் இனி இதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் கற்பூரம் நம் வீட்டில் இருக்கும் பொருள்களில் மிக வேகமாக வேலை செய்யும் விஷங்களில் ஒன்று. விழுங்கிய சில நிமிடங்களிலேயே, முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரும். சில பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கழித்தும் வரும். ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிரை எடுத்ததாக மருத்துவ நூல்களில் இருக்கிறது. பார்ப்பதற்கோ சீனிக் கட்டி மாதிரி வெள்ளையாக, பளபளவென்று. அடுத்த முறை விழுங்கியது தெரிந்தால் வலிப்பு வருகிறதா என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். "கண்ட கை படாமல் மேல் தட்டில் வைக்கிறேன் அத்தை" என்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். அப்படியே தைலக் குப்பிகளையும் மேலே ஏற்றிவிடுங்கள். வின்டர்கிரீன் எண்ணெய் கலந்த தைலம் ஒரு தேக்கரண்டி என்பது ஒரு கை நிறைய ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். நம் வீடுகளில் அந்தக் குப்பி எப்போதும் தலையணைக்குப் பக்கத்தில்தான் கிடக்கும், மூடியும் பாதிதான் திருகியிருக்கும். என் வீட்டிலும்தான், திருத்திக்கொண்டேன்.

கற்பூரம் என்றதும் அந்துருண்டை ஞாபகம் வருகிறது. பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று சோதனை செய்து கிளினிக் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். குறைபாடு என்று இருந்தால் வீட்டில் அந்துருண்டையே இருக்கக் கூடாது. விழுங்க வேண்டும் என்றில்லை. அதோடு பெட்டியில் கிடந்த பழைய ஸ்வெட்டரை அப்படியே போட்டுவிட்டாலும் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கோப்பி நிறத்தில் போகும். ஆண் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் குறை அதிகம்.

கோலசிலாங்கூரிலிருந்து ஒரு தாத்தா:
சுவிட்ச் ஓட்டைகளுக்குச் சொருகும் பிளாஸ்டிக் மூடி பத்து வெள்ளிக்கு ஒரு பாக்கெட் வாங்கினேன். பேத்தி பிடுங்கி எடுத்து விளையாடுகிறாள்.

விளையாடட்டும், தொண்டையில் சிக்காத அளவு இருந்தால். நம் ஊர் மூன்று ஓட்டை பிளக் இங்கிலாந்து வகை. கீழே இருக்கும் இரண்டு ஓட்டைக்கும் உள்ளேயே கதவு உண்டு, மேலே நீளமான கால் நுழைந்தால்தான் அது திறக்கும். அளவு சரியில்லாத மூடி அந்தக் கதவைக் கெடுத்துவிடும், தலைகீழாகச் சொருகினால் திறந்தும் விடும். 2016-ல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறையே தன் மருத்துவமனைகளில் இந்த மூடிகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் பத்து வெள்ளி போனது போனதுதான் அண்ணே.

உங்களிடம் நான் கேட்க வேண்டியது வேறு. இரண்டு கால் சார்ஜரைச் சொருக, மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி நெம்புகிறீர்களா? பாதி மலேசியாவே செய்கிறது. பேத்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், நாளைக்கு அவளும் ஏதாவது ஒன்றைக் குத்துவாள், அது பேனாவாக இருக்காது. ஐந்து வெள்ளிக்கு அடாப்டர் கிடைக்கும். மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ஈஎல்சிபி பியூஸ் பெட்டியில் இருக்கும், அதில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், மின்சாரம் டப்பென்று நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

புக்கிட் ரோத்தானிலிருந்து ஒரு வாசகி:
தண்ணீர் கட் என்று அறிவித்தால் குளியலறையில் மூன்று தோம்பும் இரண்டு வாளியும் நிரப்பி வைப்போம். பேரன் தவழ்கிறான். வாளி முழங்கால் உயரம்கூட இல்லை, அதில் பயம் உண்டா?

தோம்பைவிட எனக்கு அந்த வாளிதான் பயம். ஒரு வயதுப் பிள்ளைக்குத் தலைதான் கனம். வாளி விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்ப்பான், தலை முன்னால் போகும், கால் தரையை விட்டு எழும்பும், திரும்பி நிமிரக் கைக்குப் பலம் இருக்காது. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும். கத்துவான், தண்ணீரை அடிப்பான் என்று காதைத் தீட்டிக்கொண்டு சமைத்துக்கொண்டிருக்காதீர்கள், சத்தமே வராது.

தோம்புக்கு மூடி, மூடிமேல் அம்மிக்கல் மாதிரி ஒரு கனம். அப்புறம் குளியலறைக் கதவின் வெளிப்பக்கம், உங்கள் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். ஹார்ட்வேர் கடையில் வாங்கினால் நாலு ஸ்க்ரூவோடு வரும், ஈஜோக் அக்காவுக்கு மகள் அனுப்பிய பெட்டியில் இது இருக்காது. தண்ணீர் திரும்பி வந்ததும் அன்றைக்கே வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். ஒரு வாரம் கிடந்தால் ஏடிஸ் குடிவந்துவிடும், டிங்கி அதிகாரியும் வருவார்.

தஞ்சோங் காராங்கிலிருந்து:
சுட்டுக்கொண்டால் கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றலாமா, பற்பசை தடவலாமா?

கிச்சாப் நாசி கோரேங்குக்கு. பற்பசை பல்லுக்கு.

குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20. இரண்டு நிமிடத்தில் அழுகை நின்றதும் எடுத்துவிடுகிறோம், அங்கேதான் தவறு. ஐஸ் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். மோதிரம், காப்பு, அரைஞாண் இருந்தால் வீங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள். பிறகு சாப்பாடு சுற்றும் பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக மூடிக் கொண்டுபோங்கள். எங்கள் கிளினிக்கில் ஒரு பிள்ளையின் கையில் காய்ந்த கிச்சாப்பைச் சுரண்டி எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கலக்கி வைத்த கோப்பி 15 நிமிடம் கழித்தும் குழந்தைத் தோலைச் சுடும். ஆகவே பேரனை மடியில் வைத்துக்கொண்டு மைலோவோ கோப்பியோ குடிக்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

ஈஜோக்கிலிருந்து இன்னொருவர்:
ஸ்பிரிங் தொட்டில் கூடாது என்கிறாள் மருமகள். தொட்டில் இல்லாமல் பிள்ளை எப்படித் தூங்கும்?

இதில் நான் பாதி மருமகள் பக்கம். ஸ்பிரிங்கில் துரு இருக்கிறதா, கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். தொட்டில் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கட்டும், கீழே மெத்தை. தாடை நெஞ்சில் இடிக்கிற மாதிரி பிள்ளை மடங்கிக் கிடந்தால் மூச்சுக் குழாய் அடைபடும். அதனால் ஆட்டித் தூங்க வைத்ததும் எடுத்துச் சமதரையில் மல்லாக்கப் போடுங்கள். தானாக எழுந்து உட்காரத் தொடங்கிய அன்றோடு தொட்டில் முடிந்தது. பிள்ளை இல்லாத நேரத்தில் சேலையை அவிழ்த்து மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள். நான் பார்த்த வரைக்கும், தொட்டிலில் மாட்டிக்கொள்வது கைக்குழந்தை இல்லை, அதில் கழுத்தை விட்டுச் சுற்றி விளையாடும் நாலு வயது அக்காதான்.

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து:
தீபாவளிக்கு வாங்கிய பேட்டரி அகல்விளக்கு பத்து இருக்கிறது. நெருப்பு இல்லை, எண்ணெய் இல்லை, பேரனுக்கு விளையாடக் கொடுக்கலாம்தானே?

அடியில் மூடியைத் திறந்து பாருங்கள். இருபது காசு மாதிரி ஒரு வட்டப் பேட்டரி இருக்கும். அந்த மூடிக்கு ஸ்க்ரூ கிடையாது, என் நகத்துக்கே திறந்துகொண்டது. பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்து ஓட்டை போடத் தொடங்கிவிடும். விழுங்கிய பிள்ளை பெரும்பாலும் அழாது. எச்சில் ஒழுகும், சாப்பாடு வேண்டாம் என்னும், சளி என்று நினைத்து இருமல் மருந்து கொடுப்போம். சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளையாக இருந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாமல் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், ஆறு தடவை வரை. அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். தேன் வாங்கக் கடையில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது.

பத்து விளக்கையும் எடுத்துப் பேட்டரியைக் கழற்றி, ஒவ்வொன்றாக டேப் சுற்றி வையுங்கள். பேரனுக்கு மண் அகலே போதும், திரியில்லாமல்.

அதே வாசகர் கடைசியாக:
வாசல் கிரில்லைப் பூட்டிச் சாவியை எங்கே வைப்பது? பையன் கைக்கும் எட்டக் கூடாது, அவசரத்துக்குக் கிடைக்கவும் வேண்டும்.

கைப்பையில் வைக்காதீர்கள், தீப்பிடித்தால் கைப்பையைத் தேட நேரம் இருக்காது. வாசலுக்குப் பக்கச் சுவரில், பெரியவர் கை உயர்த்தி எடுக்கும் உயரத்தில் ஓர் ஆணி. ஜன்னலிலிருந்து கை நீட்டி எடுக்க முடியாத தூரம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடமாக இருக்க வேண்டும், தங்க வரும் மருமகனுக்கும். எங்கள் வீட்டில் நாள்காட்டி ஆணியிலேயே தொங்குகிறது. தினமும் தேதி கிழிக்கும்போது சாவி இருக்கிறதா என்று என் வீட்டுக்காரரும் பார்த்துவிடுகிறார்.